பொழுது எப்படிப் போயிற்று?

"உங்கள் கடை எந்தப் பக்கம்?"

மலாவி நாட்டின் தெற்கில், ஃபலோம்பே மாவட்டத்தில் நான் போய் இறங்கிய முதல் வாரத்தில் ஏழெட்டுப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். 2014 செப்டம்பர். நான் வந்தது இரண்டு வருடத் தன்னார்வப் பணிக்கு. ஒரு சமுதாய உயர்நிலைப் பள்ளியில் இயற்பியலும் கணக்கும் எடுக்க வேண்டும். "கடை இல்லை, நான் டீச்சர்" என்றால், "அப்படியானால் கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று அக்கறையோடு அடுத்த கேள்வி வரும்.

வெள்ளைக்காரத் தன்னார்வலர்களுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: அசுங்கு. அவர்கள் எதற்கு வருவார்கள் என்று ஊருக்குத் தெரியும். நான் ம்வென்யே, அதாவது இந்தியர். மலாவியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது குஜராத் பூர்வீகமுள்ள வணிகக் குடும்பங்கள்தாம். ஒருகாலத்தில் சின்னச் சின்னச் சந்தையூர்களில்கூட அவர்களுடைய கடைகள் இருந்தன. ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் அரசு 1970களில் அவர்களைக் கிராமப்புறங்களிலிருந்து நகரங்களுக்குப் போகச் சொல்லிவிட்டது. அதனால் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தியர் என்றால் பழைய கடையின் ஞாபகம். சின்னவர்களுக்கு பிளான்டயரிலோ லிம்பேயிலோ கல்லாவுக்குப் பின்னால் பார்த்த முகம். செம்மண் தெருவில் நடந்து வரும் இந்தியப் பெண்ணை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் என்னை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல் இரண்டு மாதங்களும் அப்படித்தான் போயின.

பள்ளியில் வரவேற்றபோது தலைமையாசிரியர் அந்த ஊர் மொழியான சிச்சேவாவில் ஒரு பழமொழி சொன்னார். கூர்மையான சவரக்கத்தியோடு வருபவரே விருந்தாளி. வெளியிலிருந்து வருபவரிடம் நம்மிடம் இல்லாத கூர்மை இருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பொருள். நான் அதை அப்படியே நம்பினேன். தர்மபுரி மாவட்டத்தில் பதினொரு வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள். என் கையில் என்ன கத்தி இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதற்கு முன் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் தொடங்கியது அங்கேதான்.

என் வீடு செங்கல் சுவர், தகரக் கூரை, சிமென்ட் தரை. மின்சாரம் கிடையாது. தண்ணீருக்கு அரை கிலோமீட்டர் நடந்து ம்ஜிகோவுக்குப் போக வேண்டும். ம்ஜிகோ என்றால் கைப்பம்பு போட்ட ஆழ்துளைக் கிணறு. முதல் நாள் வாளியை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் இருபது பெண்கள், எல்லோரிடமும் இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி. என் முறை வந்ததும் நிரப்பி, பழக்கதோஷத்தில் இடுப்பில் ஏற்றினேன். குடத்துக்குக் கழுத்து உண்டு, இடுப்பில் உட்காரும். வாளி உட்காராது. பாதித் தண்ணீர் என் மேலேயே கொட்டியது. பக்கத்து வீட்டு அமாயி (அவர்கள் மொழியில் அம்மா) ஒன்றும் பேசாமல் இடுப்பில் சுற்றியிருந்த சித்தேஞ்சே துணியை உருவி, முறுக்கி, வட்டமாகச் சுற்றி என் தலையில் வைத்தார். அதன் மேல் வாளி.

சும்மாடு! அதை அங்கே ன்காத்தா என்கிறார்கள். என் பாட்டி விறகுக் கட்டுக்குக் கீழே வைத்துக்கொள்வாளே, அதேதான். நான் தலையில் எதையும் சுமந்ததில்லை. எங்கள் வீட்டில் குழாய் வந்த பிறகு பிறந்தவள் நான். பாட்டியோடு முடிந்துபோன ஒன்று ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என் தலையில் வந்து உட்கார்ந்தது. கழுத்து வலி மூன்று வாரம் இருந்தது.

சாப்பாடு எனக்குச் சிரமமாக இல்லை. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டி, மரத்துடுப்பால் கிண்டிக் கிண்டி இறுக்கினால் ன்சிமா. தொட்டுக்கொள்ளக் கீரையோ, பீன்ஸோ, உசிப்பா என்கிற சின்ன ஏரி மீனோ. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த பென்னாகரத்துக்காரிக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. விரலால் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, குழி செய்து, குழம்பை அள்ளும் அந்தக் கைவாகுகூட ஒன்றுதான். ஒரே வேறுபாடு, அவர்கள் மெல்லுவார்கள், நாங்கள் விழுங்குவோம். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்துதான் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் நம் பக்கம் வந்தது. அங்கே அதை மாவேரே என்கிறார்கள், புளிக்கவைத்துத் தோப்வா என்கிற பானத்தில் சேர்க்கிறார்கள். அமாயியின் முற்றத்தில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தபோது, நாம்தான் விருந்தாளியின் தானியத்தை நம்முடையது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

இனி என் கத்தியைப் பற்றி.

பள்ளி மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். ஃபார்ம் த்ரீ, ஃபார்ம் ஃபோர் (அங்கே பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகள்) இரண்டிலும் இயற்பியலில் பலவீனம் இருந்தது. ஆய்வகம் இல்லை, ஒரு புத்தகத்துக்கு ஆறு பேர். தமிழ்நாட்டு ஆசிரியை வேறு என்ன செய்வாள்? ஸ்பெஷல் கிளாஸ் வைத்தேன். மூன்றரை முதல் ஐந்து வரை, வாரம் நான்கு நாள், கட்டணம் கிடையாது. முதல் நாள் வகுப்பு நிறைந்தது. மூன்றாவது வாரம் முன் வரிசையில் பையன்கள் மட்டும் இருந்தார்கள். பதினான்கு பெண்களில் இரண்டு பேர் வந்தார்கள்.

நான் கோபப்பட்டேன், அதை மறைக்கவில்லை. காலை வகுப்பில் அந்தப் பெண்களை எழுப்பி நிறுத்தி, "உங்களுக்காகத்தானே நான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்று கேட்டேன். அவர்கள் முழங்காலை லேசாக மடித்து, தலையைக் குனிந்து, "பெப்பானி மேடம்" என்றார்கள். பெப்பானி என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஒருத்திகூடக் காரணம் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் அந்தக் காலைப்பொழுதுக்காக வருந்துகிறேன்.

உயிரியல் எடுத்த ஆசிரியைதான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மூன்றரைக்கு ம்ஜிகோவில் வரிசை தொடங்குகிறது. நான்கரைக்கு விறகு. ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும், அங்கே அந்தி என்று ஒன்று நீண்டு கிடக்காது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருட்டு. ஆறு கிலோமீட்டர் நடந்து வீடு சேர வேண்டிய பெண் ஐந்து மணிக்கு வகுப்பிலிருந்து கிளம்பினால், வழியில் அவளுக்கு என்ன ஆகும் என்று அம்மா பயப்படுவாள், வீட்டில் அடுப்பும் எரியாது. "உன் வகுப்பு நல்லது. அந்த நேரம் அவர்களுடையது இல்லை" என்றார்.

அன்று மாலை வகுப்பை நிறுத்திவிட்டு வாளியோடு ம்ஜிகோவுக்குப் போனேன். என் மாணவிகள் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேர வரிசை. அவர்களோடு நின்றேன். மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் ஒருத்தி நோட்டை எடுத்துவந்து, நெம்புகோல் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அதுதான் எங்கள் வகுப்பு.

அந்தப் பம்பைக் காட்டிலும் நல்ல ஆய்வகம் கிடைத்திருக்காது. அஃப்ரிடெவ் என்று பெயர். ஊர்க்காரர்களே பழுதுபார்க்க வேண்டும் என்று திட்டமிட்டு 1980களில் உருவாக்கிய பம்பு அது, பெரும்பாலான வேலைக்கு ஒரே ஸ்பேனர் போதும். கைப்பிடி ஒரு நெம்புகோல். கீழே தண்ணீருக்குள் பிஸ்டனும் வால்வும். மேலிருந்து உறிஞ்சினால் காற்றழுத்தம் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றாது. பம்பின் உருளையைக் கீழே தண்ணீருக்குள்ளேயே வைத்தது அதனால்தான். பதினொரு வருடமாகக் கரும்பலகையில் இதை வரைந்து காட்டியிருக்கிறேன். திறந்து பார்த்ததில்லை.

நவம்பரில் தண்ணீர் குறைந்தபோது பம்பு கமிட்டி அதைத் திறந்தது. கமிட்டியில் பெரும்பாலும் பெண்கள். அமாயியும் ஒருவர். சித்தேஞ்சேவை வரிந்து கட்டிக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, தேய்ந்துபோன ரப்பர் சீலை எடுத்து என் மாணவிகளிடம் கொடுத்தார். "இது கிழிந்தால் தண்ணீர் ஏறும்போதே கீழே ஒழுகிவிடும், அதனால் நாம் வெறும் காற்றை அடித்துக்கொண்டிருப்போம்" என்று விளக்கினார். நான் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அரைமணி நேரத்தில் மாற்றிப் பூட்டினார்கள். அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு வால்வு பற்றிய கேள்வியைத் தவறவிட்டதே இல்லை.

மழை வந்தபோது முதலில் வந்தது ஈசல். விளக்கைச் சுற்றி மொய்த்ததைப் பிடித்து, இறகு உதிர்த்து, உப்புப் போட்டு வறுத்தார்கள். அங்கே பெயர் ங்கும்பி. ஊரில் அரிசிப் பொரியோடு கலந்து தின்றது நினைவுக்கு வந்தது. பிறகு மழை உண்மையாகவே பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே மழை கொட்டினால் ஆசிரியர் கத்தினாலும் கேட்காது, எழுதிப்போட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டியதுதான்.

2015 ஜனவரியில் மழை நிற்கவில்லை. பக்கத்தில் எழுந்து நிற்கும் முலாஞ்சே மலையின் உச்சியான சப்பிட்வா 3,002 மீட்டர் உயரம். பத்து நாள் அந்த மலையே கண்ணில் படவில்லை. தென் மாவட்டங்கள் பலவும் வெள்ளத்தில் மூழ்கின, அரசு பேரிடர் நிலை அறிவித்தது. எங்கள் வகுப்பறைகள் இரண்டில் வீடிழந்த குடும்பங்கள் தங்கின. ஊரில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிய சொல் ஒன்றுதான்: நப்போலோ. மலைக்கடியில் கிடக்கும் பெரும் பாம்பு, அது இடம்பெயரும்போது மலை சரியும் என்பார்கள். 1991 மார்ச்சில் அது வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த நிலச்சரிவிலும் வெள்ளத்திலும் ஃபலோம்பேயில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அமாயியின் தாயார், நாங்கள் அகோகோ என்று கூப்பிட்ட பாட்டி, அன்றைய இரைச்சலைத் தன் நாக்கால் செய்துகாட்டினார். பாம்பை நம்புகிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர் முன்னால் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம். போன வருட மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதியது வயலில் பச்சையாக நிற்கும். மாம்பழமும் டிசம்பரோடு முடிந்துவிடும். வெள்ளம் வந்த வருடத்தில் இன்னும் மோசம். மூன்றாவது பீரியடில் பிள்ளைகளின் கண்கள் மங்குவதைப் பார்த்துக்கொண்டு நியூட்டனின் விதிகளைச் சொல்ல முடியாது. கடினமான பாடங்களை முதல் இரண்டு பீரியடுக்கு மாற்றினோம். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு மலேரியா வந்தது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தடுப்பு மாத்திரையை மூன்று வாரம் விட்டிருந்தேன். இப்படி ஒரு பணிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான வார்த்தை இதுதான்: மாத்திரையை விடாதீர்கள், வலைக்குள் தூங்குங்கள், காய்ச்சல் வந்த அன்றே விரலில் குத்திப் பரிசோதியுங்கள். மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை, சரியாகிவிட்டது. ஏரிக்குப் போனாலும் கவனம் வேண்டும், நத்தை மூலம் பரவும் பில்ஹார்சியா என்கிற நோய் அங்கே உண்டு.

காய்ச்சலில் கிடந்தபோது அகோகோ தினமும் மதியம் வந்து உட்காருவார். வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுப்பார். கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. உள்ளே வந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "ம்வாஸ்வேரா ப்வாஞ்சி?" என்பார். காலையில் என்றால் எப்படி விழித்தாய் என்று கேட்பார்கள். மதியத்துக்குப் பிறகு, பொழுதை எப்படிக் கழித்தாய் என்று. பதில் சொல்லி, திருப்பிக் கேட்டு, அதற்குப் பதில் வாங்கிய பிறகுதான் பேச்சு தொடங்கும். ஆரம்பத்தில் அவசரத்தில் தலையாட்டிவிட்டுப் போன எத்தனை பேரை நான் புண்படுத்தியிருப்பேன் என்று பிறகுதான் உறைத்தது. நம் நீ, நீங்கள் போல அவர்களுக்கும் இவே, இனு உண்டு. அகோகோ என்னை ஒருநாளும் இவே என்றதில்லை. எழுபதைத் தாண்டியவர்.

ஒருநாள் கேட்டார்: "உங்கள் அம்மாவின் நிலம் உங்களுக்குத்தானே வரும்?"

அவர்கள் லோம்வே மக்கள். நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணமானால் ஆண்தான் மனைவியின் ஊருக்கு வருகிறான், அமாயியின் கணவரும் அப்படி வந்தவர்தாம். நம் ஊரில் வீட்டோட மாப்பிள்ளை என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது அங்கே இயல்பு. நான் சொன்னேன், நிலம் என் இரண்டு அண்ணன்களுக்குப் போய்விட்டது. சட்டப்படி எனக்கும் பங்கு உண்டு, தமிழ்நாட்டில் 1989லேயே அந்தச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போடாமல் இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

அகோகோ வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எங்கே விதைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

காய்ச்சல் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

மே மாதம் அறுவடைக்குப் பிறகு அகோகோ இறந்துபோனார். மலிரோ, அதாவது சாவு, அங்கே ஊரின் வேலை. பள்ளி பாதியில் முடிந்தது. வீட்டுக்கு வீடு ஒரு தட்டு மாவு போனது, நானும் ஒரு பேசினில் எடுத்துப் போனேன். ஆண்கள் வெளியே மரத்தடியில். பெண்கள் உள்ளே உடலைச் சுற்றித் தரையில் கால் நீட்டி, தோளோடு தோள் ஒட்டி. இரவு முழுக்கப் பாட்டு நிற்கவில்லை. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று என் அம்மா சொல்வாள். அதை இன்னொரு மொழியில் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடியும் நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒப்பாரி வரி ஒன்று வாயில் வந்தது, தாழ்ந்த குரலில் பாடினேன். அமாயி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கடை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை மாதம் துவரை காய்த்தது. அங்கே நந்தோலோ என்பார்கள். மக்காச்சோளத்துக்கு நடுவே போட்டு, சோளம் போன பிறகும் வயலில் நிற்க விடுவார்கள். முழுசாக அவித்துத் தின்பது போக மிச்சத்தை வியாபாரிக்கு விற்பார்கள், அது கப்பலேறி இந்தியா வரும். நம் சாம்பாரில் கொதிக்கிற பருப்பில் கொஞ்சம் இந்த மலையடிவாரத்திலிருந்து வந்தது. ஊறவைத்து, காயவைத்து, கல்லில் உடைத்து, ப்வேம்பா என்று சந்தையில் விற்ற புளியைக் கரைத்து ஒருநாள் சாம்பார் வைத்தேன். அமாயி ன்சிமாவோடு சாப்பிட்டுவிட்டு, பருப்பின் தோலை ஏன் எறிந்தாய் என்று கேட்டார். சரியான கேள்வி. அடுத்த முறை எறியவில்லை.

அந்த வருடம் மழை தள்ளிப்போனது. டிசம்பரில் முதல் நல்ல மழைக்கு மறுநாள் விடியற்காலை அமாயி வாசலில் நின்று "ஓடி!" என்றார். கையில் இரண்டு மண்வெட்டி. அகோகோவின் நிலம் இப்போது அவருடையது. வயலின் ஓரத்தில் இரண்டு பார்களைக் காட்டினார். "அம்மா சொல்லியிருந்தார்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. குழிக்கு மூன்றாக மக்காச்சோளம் போட்டோம். இடையிடையே நந்தோலோ.

மதியத்துக்குப் பிறகு மண் அப்பிய காலோடு வீடு திரும்பினேன். ம்ஜிகோ வரிசையில் இருந்து என் மாணவிகள் கூப்பிட்டார்கள்.

"ம்வாஸ்வேரா ப்வாஞ்சி, மேடம்?"

நின்று, அவர்களிடம் சொன்னேன். விதைத்தேன் என்று. பிறகு அவர்கள் ஒவ்வொருவரையும் பொழுது எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.